பேசாத படத்தில் பாட வந்த பெண்: சினிமா ராணி டி.பி. ராஜலக்ஷ்மி



போன வருஷத்து ஆண்டு விழா நாடகத்தை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். கதாநாயகி மேடைக்கு வந்ததும் பின்வரிசையில் இருந்து கிளம்பிய விசில் சத்தம் இருக்கிறதே, மேளமே தோற்றுப் போயிற்று. கதாநாயகி வேறு யாருமில்லை, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் அண்ணன்தான். லேத்தில் ஆறு மாசம் நின்ற கைக்கு வளையல் ஏறவில்லை. இரண்டாவது சீனில் கொசுவம் அவிழ்ந்ததும் அரங்கமே சிரித்து உருண்டது. நானும்தான் சிரித்தேன்.

ஆனால் அந்த வேஷத்துக்கு முதலில் பெயர் கொடுத்தது ஒரு பெண். இரண்டு நாள் ஒத்திகைக்கும் வந்தாள். வசனம் மனப்பாடமாக இருந்தது, குரலும் கணீரென்று இருந்தது. மூன்றாவது நாள் வரவில்லை. வீட்டில் தெரிந்துவிட்டதாம். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. அண்ணனுக்குப் புடவை தேட ஓடினோம்.

அந்த ராத்திரி ஹாஸ்டலில் பேச்சு சினிமாப் பக்கம் திரும்பியது. தமிழின் முதல் கதாநாயகி யார் என்று ஒருவன் கேட்டான். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னோம். ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. அப்போது தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

டி.பி. ராஜலக்ஷ்மி. டி என்றால் திருவையாறு, பி என்றால் பஞ்சாபகேசன். 1911 நவம்பர் 11-ந் தேதி பிறந்தவர். அப்பா பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம். அம்மா மீனாட்சி. காவிரிக்கரை, தியாகராஜர் சமாதி, எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் கீர்த்தனை என்று இருந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் பாட்டைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருதரம் கேட்டால் திருப்பிப் பாடிவிடுமாம்.

பாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்கு ஏழெட்டு வயசிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அப்போது அது சட்டப்படி தப்பில்லை. சாரதா சட்டம் வந்தது 1929-ல்தான். அதுவும் பெண்ணுக்குப் பதினாலு வயது ஆனால் போதும் என்றது. ராஜலக்ஷ்மியின் கல்யாணம் நிலைக்கவில்லை. வரதட்சணைப் பேச்சில் முறிந்து, பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது. அந்தக் கவலையிலேயே அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிக்கிற வயசு அது. அந்த வயசில் வாழாவெட்டி என்ற பெயர், தகப்பன் இல்லாத வீடு, வருமானம் இல்லாத அம்மா.

அம்மாவும் பெண்ணும் திருச்சிக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்துத் திருச்சி நாடகக் கம்பெனிகளின் ஊர். சி.எஸ். சாமண்ணா என்பவர் அங்கே ஒரு நாடகக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். நாடகத் தமிழின் தந்தை என்று நாம் படிக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் அப்போது உயிரோடு இருந்தார். 1922-ல்தான் காலமானார். அந்தச் சிறுமியின் பாட்டைக் கேட்டு, கம்பெனியில் இடம் கிடைக்க வழி செய்தவர் அவர்தான் என்று சொல்வார்கள். பதினோரு வயசுப் பெண் அரிதாரம் பூசிக்கொண்டு மேடை ஏறினாள். முதல் நாடகம் 'பவளக்கொடி'.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்கு லேசில் புரியாது. அன்றைய நாடக உலகில் பாதி பாய்ஸ் கம்பெனிகள். சீதையும் பையன்தான், திரௌபதியும் பையன்தான். பெண்கள் நடிக்கவே இல்லையா என்றால் நடித்தார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்கப் போகிற கூட்டத்துக்காக ரயில்வேக்காரர்கள் ஸ்பெஷல் வண்டியே விட்டார்கள் என்றும், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்றே பெயர் என்றும் நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். ஆனால் ஆட்டமும் பாட்டும் குலத்தொழில் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்களில் இருந்துதான் அநேகமாக அந்தப் பெண்கள் வந்தார்கள். அக்ரஹாரத்துப் பெண், அதுவும் தாலி கட்டித் திரும்பி வந்த பெண், மேடையில் நின்று ஆண்களோடு பாடுவது என்றால்? சொந்தக்காரர்கள் வாசல் கதவைச் சாத்திக்கொள்ள வேறென்ன காரணம் வேண்டும்? சாத்திக்கொண்டவர்கள் சோறு போடவில்லை. கம்பெனி போட்டது.

நாடக வாழ்க்கையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மைக் கிடையாது. கீற்றுக் கொட்டகை, காஸ் லைட், ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவும்வரை. கடைசி வரிசையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழுந்தாக வேண்டும். விழவில்லை என்றால் அவன் எழுந்து கத்துவான், அடுத்த ஊரில் காண்ட்ராக்டர் கூப்பிட மாட்டார். ஸ்பெஷல் நாடகம் என்று இன்னொரு வகை. கதாநாயகன் ஒரு ஊர், கதாநாயகி ஒரு ஊர், பின்பாட்டுக்காரர் இன்னொரு ஊர். அன்று சாயங்காலம்தான் முதல் தடவை முகம் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. அவர் ஒரு பாட்டில் கேள்வி கேட்டால் இவர் ஒரு பாட்டில் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மானம் போயிற்று. நம்ம வைவா-வோசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஆயிரம் பேர்!

அந்தப் பட்டறையில்தான் ராஜலக்ஷ்மி தேர்ந்தார். கம்பெனி மாறி கம்பெனி, ஊர் மாறி ஊர். வி.ஏ. செல்லப்பா போன்ற பெயர் பெற்ற பாடகர்களோடு நடித்தார். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேராகப் போகும் கார்டு லைன் வருவதற்கு முன்னால், பட்டணத்துக்கும் திருச்சிக்கும் நடுவே ஓடிய மெயின் லைன் வண்டிகள் எல்லாம் நம்ம கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத்தான். திரைச்சீலை, ஆர்மோனியப் பெட்டி, அட்டைக் கிரீடம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாடகக்காரர்கள் இந்த வழியாகத்தான் போய் வந்தார்கள். நாம் தினமும் பாஸை நீட்டிவிட்டுக் கதவோரம் தொங்கிக்கொண்டு வருகிற அதே தண்டவாளம்.

காலமும் சாதாரணக் காலமில்லை. 1927-ல் நம்ம கடலூர் அஞ்சலை அம்மாள் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றச் சொன்ன போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். நாடக மேடையிலும் அதே சூடுதான். வள்ளி தினைப்புனம் காக்கிற சீனில் கதர்ப் பாட்டு வரும். முருகன் வேஷத்தில் வந்தவர் வெள்ளைக் கொக்கை விரட்டுகிற மாதிரி வெள்ளைக்காரனை விரட்டுவார். மதுரை மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுக்களை சர்க்கார் தடை செய்தது. விஸ்வநாத தாஸ் மேடையில் இருந்தே கைதாகிப் போனது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ராஜலக்ஷ்மியும் இந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்தான். தேசியப் பாட்டு பாடாமல் அவர் மேடையை விட்டு இறங்கியதில்லை என்பார்கள்.

இனி சினிமாவுக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் முழுநீளப் படம் 1913-ல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'. அதில் சந்திரமதி (அவர்கள் ஊரில் தாராமதி) யார் தெரியுமா? ஓட்டலில் சமையல் வேலை பார்த்த சாலுங்கே என்ற ஆண்! பால்கே எங்கெங்கோ தேடியும் நடிக்க ஒரு பெண் கிடைக்கவில்லை. நாலு வருஷம் கழித்து 'லங்கா தகன்' எடுத்தபோது அதே சாலுங்கே ராமனாகவும் நடித்தார், சீதையாகவும் நடித்தார். ஆக, நம்ம மெக்கானிக்கல் அண்ணன் தலைகுனிய வேண்டியதில்லை. அவருக்கு முன்னால் பெரிய பாரம்பரியமே இருக்கிறது.

தெற்கே சினிமாவைத் தொடங்கி வைத்தவர் நம்ம இனம் என்று சொல்லிக்கொள்ளலாம். மோட்டார் உதிரி பாகம் விற்றுக்கொண்டிருந்த ஆர். நடராஜ முதலியார். கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, சென்னைக் கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ போட்டு 'கீசக வதம்' எடுத்தார். அடுத்து எடுத்த திரௌபதி கதைக்கு ஒரு ஆங்கிலோ-இந்தியப் பெண்ணைத்தான் அவரால் நடிக்கவைக்க முடிந்தது.

மௌனப் படம் எடுக்கிற முறையைச் சொன்னால் உங்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். கேமராவைக் கையால் சுற்ற வேண்டும், கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி. விநாடிக்குச் சுமார் பதினாறு படம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்குப் பதினாறு படம் விழும். அப்படியானால் ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஓட எவ்வளவு நேரம்? ஆயிரம் விநாடி, அதாவது பதினாறு நிமிஷம் நாற்பது விநாடி. பின்னால் பேசும் படம் வந்ததும் வேகம் விநாடிக்கு இருபத்துநாலு என்று நிலையாயிற்று. அப்போது அதே ரீல் பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நம்பாதவர்கள் கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். விளக்கு? சூரியன்தான் விளக்கு. மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலை வடிகட்டுவார்கள். மேகம் வந்தால் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கதையை எழுத்து அட்டையில் எழுதிப் படத்தின் நடுநடுவே காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்காகக் கொட்டகையில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சத்தம் போட்டுச் சொல்லுவார். அவருக்கும் தனியாக ரசிகர்கள் உண்டு.

1929-ல் ஏ. நாராயணன் சென்னையில் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். (ஒரு சின்ன விலகல். இவருடைய மனைவி மீனா நாராயணன் பின்னால் ஒலிப்பதிவு கற்றுக்கொண்டு, 1934-ல் கணவரின் ஸ்டுடியோவில் 'ஸ்ரீனிவாச கல்யாணம்' படத்துக்கு ஒலிப்பதிவு செய்தார். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர். இ.சி.இ. தோழியர் குறித்துக்கொள்ளவும்.) அந்தக் கம்பெனி எடுத்த 'கோவலன்' படத்தில்தான் ராஜலக்ஷ்மி முதன்முதலாகக் கேமரா முன்னால் நின்றார். பிறகு ராஜா சாண்டோ இயக்கிய 'ராஜேஸ்வரி', 'உஷா சுந்தரி'. புதுக்கோட்டையில் பிறந்து, கர்லாக்கட்டை சுற்றி உடம்பை வளர்த்து, பம்பாய்க்குப் போய் ஸ்டாராகித் திரும்பியவர் இந்த ராஜா சாண்டோ.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ராஜலக்ஷ்மி என்றால் குரல். பதினோரு வயசில் அவருக்குச் சோறு போட்டது குரல். கொட்டகையின் கடைசி வரிசையை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்தது குரல். அந்தக் குரலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னது மௌனப் படம். வாயசைக்கலாம், கண்ணீர் விடலாம், கையை விரிக்கலாம். பாட முடியாது. நீச்சல்காரனை மணலில் நீந்தச் சொன்ன மாதிரி. ஆனாலும் அந்த மூன்று படங்களில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மேடையில் கையை வீசி ஆடினால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். கேமராவுக்குப் புருவத்தை உயர்த்தினாலே போதும், பெரிதாகத் தெரிந்துவிடும். மற்ற நாடக நடிகைகள் பேசும் படத்துக்கு நேராக வந்து திணறியபோது இவர் திணறாததற்கு இதுவும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இவருடைய துணிச்சல் விளங்கும். ஹாலிவுட்டில் மெக்சிகோ வம்சாவளியில் வந்த மிர்ட்டில் கொன்சாலஸ் என்ற பெண் 1910-களிலேயே கதாநாயகியாகக் கொடி நாட்டினார். 1918-ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சலில் இருபத்தேழு வயசில் இறந்துபோனார். பம்பாயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண் சுலோச்சனா என்ற பெயரில் மௌனப் பட மகாராணி ஆனார். பேசும் படம் வந்ததும் இந்துஸ்தானி சரியாக வராமல், நடிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு மொழி படிக்க வேண்டியதாயிற்று. அவரைவிடக் கொடுமை திருவனந்தபுரத்தில். ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' படத்தில் பி.கே. ரோஸி என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத கூட்டம் திரையைக் கிழித்தது, அவரை ஊரைவிட்டே துரத்தியது. நாகர்கோவில் பக்கம் ஓடிவந்து, நடிகை என்று ஒருவருக்கும் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகிக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

1931 மார்ச் 14-ந் தேதி பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. இந்தியாவின் முதல் பேசும் படம். எடுத்தவர் அர்தேஷிர் இரானி. ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை இருந்ததால், வண்டிச் சத்தம் விழாமல் இருக்க ராத்திரியில்தான் ஷூட்டிங். மைக்கைச் செடிக்குள்ளும் துணி மறைவிலும் ஒளித்து வைப்பார்கள். படமும் சத்தமும் ஒரே பிலிமில் ஒரே சமயத்தில் பதிவாகும். இன்றைக்குப் போல டப்பிங் கிடையாது, பின்னணிப் பாட்டு கிடையாது. நடிப்பவரே பாட வேண்டும், பாடும்போதே நடிக்க வேண்டும், வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் பதுங்கி உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

அதே இரானி தமிழிலும் ஒரு பேசும் படம் எடுக்க முடிவு செய்தார். இயக்குநர் எச்.எம். ரெட்டி. பாடத் தெரிந்த, நடிக்கத் தெரிந்த, கேமராவுக்குப் பழகிய தமிழ்ப் பெண் வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்த ஆள் ராஜலக்ஷ்மி. இருபது வயசு நிறைவதற்கு முன்னாலேயே அவர் பம்பாயில் 'காளிதாஸ்' கதாநாயகி.

அந்தப் படத்தை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பிரமிப்பாகவும் இருக்கிறது. கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசுவார், கதாநாயகி தமிழில் பதில் சொல்லுவார். ஜனங்கள் கோபித்துக்கொண்டார்களா? இல்லையே! திரையில் உருவம் பேசுகிறது, அதுவும் நம்ம பாஷை பேசுகிறது என்பதே அதிசயம். பின்னால் பெரிய தயாரிப்பாளரான எல்.வி. பிரசாத் இதில் ஒரு சின்ன வேஷம் போட்டிருந்தார். ராஜலக்ஷ்மி தியாகராஜர் கீர்த்தனையும் பாடினார். காந்தியின் ராட்டையைப் புகழ்ந்து பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டையும் பாடினார். காளிதாசன் கதைக்கும் காந்தி ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கூடவே குறத்தி ஆட்டமும் பாட்டும் தனியாக ஒரு சின்னப் படமாகக் காட்டப்பட்டது. அதிலும் இவர்தான். கதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மந்திரி செய்த சூழ்ச்சியால், ஒன்றும் அறியாமல் ஒரு முட்டாளுக்குக் கழுத்தை நீட்டுகிற ராஜகுமாரி. கேட்காமல் செய்துவைத்த கல்யாணம் எப்படி இருக்கும் என்று ராஜலக்ஷ்மிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பம்பாயில் இருந்து பிலிம் பெட்டி சென்னை சென்ட்ரலுக்கு வந்து இறங்கியபோது நடந்தது நம்ம தேர்த் திருவிழாவுக்குக் குறைந்ததில்லை. பூத் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி கொளுத்தி, வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். 1931 அக்டோபர் 31, பேசும் படம் பார்க்க ஜனம் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் கூடியது. (பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கொட்டகை.) பேசாத படத்தில் மூன்று முறை வாய்கட்டி நின்ற பெண்ணின் குரல் அன்றைக்குத் திரையில் இருந்து கேட்டது.

சினிமா ராணி என்ற பட்டம் அதன் பிறகு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1933-ல் 'வள்ளி திருமணம்'. கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம். இந்த வின்சென்ட்டைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். திருச்சியில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். டூரிங் டாக்கீஸின் தகப்பனார்! 'வள்ளி திருமணம்' வசூலை வாரிக் குவித்தது. வள்ளியாக ராஜலக்ஷ்மி. நாரதராக நடித்தவர் டி.வி. சுந்தரம். வள்ளிக்கும் முருகனுக்கும் கலகம் மூட்டுகிற நாரதர், வள்ளியையே கல்யாணம் செய்துகொண்டார்! சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் குழந்தையில் நடந்து முறிந்த கல்யாணத்துக்குப் பிறகு, தானாகத் தேர்ந்தெடுத்து ஒரு பெண் மறுமணம் செய்துகொண்டது 1930-களில் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அடுத்தடுத்துப் படங்கள். அமெரிக்காவில் இருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சீமந்தினி' (1936) அதில் ஒன்று. அவற்றையெல்லாம் வரிசையாக எழுதினால் மலர்க் குழு என் கட்டுரையை வெட்டிவிடும். ஆகவே நேராக 'மிஸ் கமலா'வுக்குப் போகிறேன்.

ராஜலக்ஷ்மி நடிகை மட்டுமில்லை, எழுத்தாளரும்கூட. 'கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்' என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். மனசில் ஒருவன் இருக்க, வேறொருவனுக்குக் கட்டிவைக்கப்படும் பெண்ணின் கதை. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர், எட்டு வயசுக் கல்யாணத்தில் இருந்து மீண்டவர், எழுதிய முதல் கதை எதைப் பற்றி என்று பாருங்கள். 1936-ல் அதை ராஜம் டாக்கீஸ் என்ற சொந்தக் கம்பெனியின் பேரில் தானே படமாக எடுத்தார். கதை அவர், தயாரிப்பு அவர், கதாநாயகி அவர், இயக்கமும் அவரேதான். பம்பாயில் பாத்மா பேகம் 1926-ல் ஒரு மௌனப் படத்தை இயக்கியிருந்தார். தெற்கே ஒரு பெண் படம் இயக்கியது 'மிஸ் கமலா'தான் முதல். அதற்குப் பிறகு நடிகை பானுமதி 'சண்டிராணி'யை இயக்கிய 1953 வரைக்கும் கணக்குப் பார்த்தால் இடையில் பதினேழு வருஷம். அந்த வருஷமே பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

ஒரு செட்டை நினைத்துப் பாருங்கள். கேமராமேன், லைட் பாய், தச்சர், பெயிண்டர், வாத்தியக்காரர் எல்லாரும் ஆண்கள். நடுவில் இருபத்தைந்து வயசுப் பெண் ஸ்டார்ட், கட் என்கிறார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெண் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறோமா, இல்லையா?

பிறகு 1938-ல் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரின் 'நந்தகுமார்'. சின்னப் பையனாக டி.ஆர். மகாலிங்கம் அறிமுகமான படம். அடுத்து சொந்தத் தயாரிப்பில் 'மதுரை வீரன்'. நாடக மேடைத் தோழர் வி.ஏ. செல்லப்பாதான் அதில் வீரன். இன்றைக்கு மதுரை வீரன் என்றால் 1956-ன் எம்.ஜி.ஆர். படம்தான் எல்லாருக்கும் நினைவு. அதற்குப் பதினாறு பதினேழு வருஷம் முன்பே, தாழ்த்தப்பட்டவனாக வளர்ந்து கோட்டைக்குள் நுழைந்தவன் கதையை எடுத்துக்கொண்டு ஒரு பெண் பணம் போட்டிருக்கிறார்.

பணம் போட்டதுதான் வினையாயிற்று. தேசபக்தியைச் சொல்ல 'இந்தியத் தாய்' என்று ஒரு படம் எடுத்தார். வெள்ளைக்கார சர்க்காரின் சென்சார் சும்மா விடுமா? வெட்டும் தடையுமாக இழுத்தடித்து, படம் தேறவில்லை. சம்பாதித்தது கரைந்தது. நாற்பதுகளில் காலமும் மாறிவிட்டது. பாடத் தெரியாதவர்களும் கதாநாயகி ஆகலாம், பாட்டை வேறொருவர் பின்னணியில் பாடிக்கொள்வார் என்ற ஏற்பாடு வந்தது. முகத்துக்கு ஒரு ஆள், குரலுக்கு ஒரு ஆள். குரலும் முகமும் ஒருத்தராக இருந்தவருக்கு வேஷங்கள் குறைந்தன. எங்கோ ஒன்றிரண்டு சின்ன வேஷம், அவ்வளவே.

இதே காலத்தில் நம்ம சிதம்பரத்துக் கதையான 'நந்தனா'ரில் 1935-ல் நந்தனாராகவே வேஷம் போட்டு நடிக்க கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியதை எல்லாரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அவர் வாங்கியது நியாயம்தான். ஆனால் நடிகைக்கு அப்படி ஒரு மதிப்பு வரும்படி நிலத்தை முதலில் உழுதுபோட்டவர் யார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

1961-ல் கலைமாமணி விருது கொடுத்தார்கள். 1964-ல் காலமானார். வயது ஐம்பத்திரண்டு.

அவர் நடித்ததைப் பார்க்க ஆசைப்பட்டுத் தேடினேன். 'காளிதாஸ்' இல்லை. 'கோவலன்' இல்லை. 'மிஸ் கமலா' இல்லை. ஒரு ரீல்கூட இல்லை. காரணம் கெமிஸ்ட்ரி. அந்தக் கால பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வெடிமருந்துக்குப் பங்காளி. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது, எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாமல் தப்பினாலும் நம்ம ஊர் வெக்கையில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். அதிலும் தப்பியதை, பிலிமில் இருக்கிற வெள்ளிக்காகக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் இன்றைக்கு ஓரளவு முழுசாகப் பார்க்கக் கிடைப்பது 1933-ன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். ராஜலக்ஷ்மியின் படங்களில் நமக்கு மிஞ்சியது சில போட்டோக்கள், பத்திரிகை விளம்பரங்கள், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். அந்த போட்டோக்களில் ஒன்றை உற்றுப் பார்த்தேன். அகலமான கண், கழுத்து நிறைய நகை, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பாடிக்கொண்டிருக்கிறார் போல.

இந்த வருஷ நாடகத்துக்கு நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. போன வருஷம் மூன்றாம் நாள் வராமல் போன அதே பெண் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறாள். கதாநாயகி வேஷத்துக்கு இல்லை, டைரக்‌ஷனுக்கு. அப்பாவிடம் இன்னும் கையெழுத்து வாங்கவில்லையாம்.